இடமில்லை சொல்கிறவள்

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்தான் முதலில் கேட்டது.

சந்தில் கரண்ட் போயிருந்தது. ஏழு மணிக்கே கும்மிருட்டு. முன்னால் நிற்பவரின் முதுகுகூடத் தெரியாத இருட்டில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கதவைத் தட்டியாகிவிட்டது. பாட்டின் முதல் அடியைப் பாடியாகிவிட்டது. இப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வரவேண்டும். குரல் வரவில்லை. துருப்பிடித்த இரும்பு முனகிக்கொண்டு நகர்ந்தது. கதவு திறந்துவிட்டது.

"ஐயய்யோ, தொறந்துட்டாடி!" என்றாள் இருட்டுக்குள் கித்தேரி.

யாரோ சிரித்தார்கள். சுரூபப் பெட்டியை ஏந்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நின்றிருந்த ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கோயில் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் கடைசி ஒன்பது நாளும், சூசையப்பரையும் நிறைமாத மாதாவையும் ஒரு மரப்பெட்டியில் வைத்து, நாளுக்கு ஒரு வீடாகக் கொண்டுபோவார்கள். வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கவேண்டும். வந்தவர்கள் கதவைத் தட்டி, 'நெடுவழி நடந்து வந்தோம், இராத் தங்க இடம் உண்டா?' என்று பாடவேண்டும். உள்ளேயிருந்து, 'இடமில்லை, வேறிடம் பாருங்கள்' என்று பதில் வரவேண்டும். மறுபடி தட்டு. மறுபடி 'இடமில்லை'. மூன்றாம் தட்டுக்குத்தான் கதவு திறக்கும். பெத்லகேமில் அந்தக் குடும்பம் பட்ட அலைச்சலைச் சனங்கள் மறந்துவிடக் கூடாதென்று, எப்போதோ இருந்த ஒரு பங்குச்சாமி ஏற்படுத்தி வைத்தது.

பெட்டி அன்றிரவு அந்த வீட்டில் தங்கும். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீடு. எட்டாம் வீடு வரை சுமப்பவள் ஜெசிந்தா. ஒன்பதாம் வீட்டுக்காரர்தான் அதைக் கோயிலுக்குச் சுமந்துபோய்க் குடிலில் இறக்கிவைப்பார்.

ஒன்பதாம் வீடு பதினேழு வருடமாக ஜெசிந்தாவின் வீடு.

அதற்குக் காரணம் இருந்தது. மற்றவர்கள் 'இடமில்லை' என்றால் அது மனப்பாடம் பண்ணின வசனம். ஜெசிந்தா சொன்னால் வெளியே நிற்பவர்களுக்கு நிஜமாகவே குளிரும். முதல் தடவை அசதியாகச் சொல்வாள், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவள் மாதிரி. இரண்டாம் தடவை வெட்டிச் சொல்வாள். அதற்கப்புறம் ஒரு கணம் யாரும் மூச்சு விடமாட்டார்கள். இரண்டு பெண்களாவது முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த பங்கிலிருந்துகூட ஆள் வந்து கேட்டதுண்டு. 'சத்திரக்காரம்மா' என்று பட்டப்பேரே விழுந்துவிட்டது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. புருஷன் செத்த வருடம்கூட அவள் குரல் பிசகவில்லை.

இப்போது மூன்றாம் நாள். கதவைத் திறந்தவள் அஸ்ரிதா. ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். அவள் புருஷனுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை. லைன் வீட்டில் ஒற்றை அறை, அதில் அவர்களோடு ஊர்க்காரர்கள் இன்னும் நாலு பேர். மூன்றாம் வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டதால், பங்குச்சாமி அந்த இடத்தில் இவள் பேரை எழுதிவிட்டார். ஜெசிந்தாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஜெய் யேசு!" என்றாள் அஸ்ரிதா. ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையில் சொம்பு. மெழுகுவர்த்தியை நிலையில் ஒட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு தட்டை இழுத்து, ஜெசிந்தாவின் வலது காலைத் தூக்கி அதில் வைத்தாள்.

"ஏய், என்ன பண்ற?"

"எங்க ஊர்ல இப்படித்தான் அக்கா. வீட்டுக்கு வந்தா கால் கழுவணும்."

வெந்நீர். பித்தவெடிப்பு விழுந்த குதிகாலை அவள் உள்ளங்கையால் தேய்த்துக் கழுவினாள். நாற்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஜெசிந்தா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பெட்டி கையில் இருந்தது, முடியவில்லை. அஸ்ரிதா துண்டை எடுத்து விரலிடுக்குகளைத் துடைத்துவிட்டாள்.

பின்னாலிருந்து பங்குச்சாமி என்னவோ சொன்னார். இந்தியில். அஸ்ரிதா பதில் சொன்னாள். சாமி சிரித்தார், வாய்விட்டு.

சாமிக்கு இந்தி வரும் என்பதே ஜெசிந்தாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் அப்படிச் சிரிப்பார் என்பதும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் நாற்பது பேரும் எப்படி நுழைந்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் செருப்பு, கட்டிலுக்கு மேல் பிள்ளைகள், அடுப்பு மேடையில் கித்தேரி. அவள் அங்கிருந்தே கத்தினாள்.

"சத்திரக்காரம்மா! உங்க சத்திரத்துல எடமில்லாட்டிப் போவுது, இங்க பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் உதட்டை இழுத்து வைத்தாள்.

நாலாம் வீடு கித்தேரியுடையது. தட்டின மாத்திரத்தில் கதவைத் திறந்துவிட்டாள்.

"என்னடி இது?" என்றாள் ஜெசிந்தா.

"நாக்கு எழலை ஜெசிந்தா. நேத்து அவ தொறந்ததைப் பாத்த பொறவு, நான் எப்படி உள்ள நின்னுக்கிட்டு இல்லைன்னு சொல்ல?"

ஐந்தாம் வீட்டிலும் அதே கதை. ஆறாம் வீட்டில் ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர் இருந்தார். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், தட்டுவதற்கு முன்பே கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் சொம்போடு நின்றிருந்தார். மூட்டு மடங்காத மனிதர். கால் கழுவ உட்கார்ந்தவரை எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது.

திரும்பி வரும் வழியில் யாரோ பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள். "பேசாம ஒன்பதாம் நாளும் அந்தப் புள்ளை வீட்டுக்கே கொண்டுபோயிட்டா என்ன?"

அந்தப் பேச்சு ஜெசிந்தாவின் முதுகில் ஏறி வீடு வரை வந்தது. சாப்பிடும்போதும் இறங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் அவள் பங்குச்சாமியான வியாகுலம் சாமியைப் பார்க்கப் போவாள். அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது, அவருக்கு முப்பத்தாறு. அவள் பிள்ளை இருந்திருந்தால் அந்த வயசுதான் இருக்கும். ஆனாலும் அவரைத்தான் அவள் குருவென்று மனசில் வைத்திருந்தாள். புருஷன் செத்தபோது எல்லாரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். இவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் முப்பது நாளும் வந்து, அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். முப்பத்தோராம் நாள் அவள் முதல் கேள்வியைக் கேட்டாள். அன்றிலிருந்து வாரம் ஒரு கேள்வி.

சாமி கோயிலின் பின்னறையான சக்ரீஸ்தில் உட்கார்ந்து, பழைய பிளேடால் மெழுகுவர்த்தித் தண்டுகளில் வழிந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி."

"வாங்கம்மா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க."

"ஒரு கேள்விங்க."

"கேளுங்க."

"ஒரு வழக்கத்தை ஒருத்தி கெடுத்தா, கண்டிக்க வேண்டியது யாருங்க?"

"என்ன கெட்டுச்சு?"

"'இடமில்லை' சொல்ல ஆளே இல்லாமப் போச்சு. தட்டறதுக்கு முன்ன தொறந்துடறாங்க. போஸ்ட்மேன் ஐயா வாசல்லயே சொம்போட நிக்கறாரு."

சாமி மெழுகுத் துணுக்கை ஊதிவிட்டார். "அது கெட்டதுங்களா?"

"பின்ன இல்லீங்களா? மூணு தட்டு தட்டணும்னு வெச்சதே, வெளிய நிக்கறவங்க வலி தெரியணும்னுதான். முதல் தட்டுலயே தொறந்துட்டா அதுல என்ன இருக்கு? காபி குடிக்கப் போற மாதிரி ஆயிருது."

"சரிதான்."

அவர் ஒத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தைரியம் வந்தது.

"அப்ப நீங்களே அவகிட்டச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் அவ பாஷை நல்லா வருதே. சிரிச்சுச் சிரிச்சுப் பேசறீங்களே."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்வதாக இல்லை. அது தானாக வந்து விழுந்தது.

பிளேடு நின்றது. சாமி அவளைப் பார்த்தார். பிறகு தண்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.

"தெரியாமத்தான் தொறந்திருப்பாங்க. சொல்லிக் குடுத்தா கத்துக்குவாங்க. நீங்களே போய்ச் சொல்லிக் குடுங்க."

"நானுங்களா?"

"'இடமில்லை'யை உங்களைவிட நல்லாச் சொல்றவங்க இந்தப் பங்குல யாரு இருக்காங்க?"

அது அவளுக்கு இனித்தது. படி இறங்கும்போது, இனிப்பில் மணல் கடிபட்ட மாதிரியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக லைன் வீட்டுக்குப் போனாள். அஸ்ரிதா வாசலில் உட்கார்ந்து அரிசிமாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! வாங்க, வாங்க!" சொம்பை எடுக்க எழுந்தாள்.

"காலெல்லாம் வேண்டாம். உக்காரு நீ. என்ன மாவு அது?"

"அர்சா செய்யணும். கிறிஸ்துமஸ்க்கு. உங்க அதிரசம் மாதிரி."

"சரி, கேளு. நீ அன்னிக்குக் கதவைத் தொறந்தது தப்பு."

அஸ்ரிதாவின் முகம் வாடியது. "தப்பா?"

"தப்புன்னா பாவம் இல்ல. மொறை தெரியாமப் பண்ணிட்ட. மொதத் தட்டுக்குத் தொறக்கக் கூடாது. உள்ளயே நிக்கணும். நின்னு, 'இடமில்லை'ன்னு சொல்லணும். ரெண்டு தரம். மூணாந் தட்டுக்குத்தான் தொறக்கணும். எங்க, சொல்லு பாப்பம். இ... ட... மி..."

அஸ்ரிதா சிரித்துவிட்டாள். "அது தெரியும் அக்கா."

"தெரியுமா?"

"தமிழ்ல நான் மொதல்ல படிச்சது அதுதான். அப்புறம்தான் தண்ணி. அப்புறம்தான் சோறு."

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. அஸ்ரிதா சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"போன வருசம் ஜூன் மாசம். நானும் அவரும் வீடு தேடினோம். பதினோரு வீடு. எல்லா வீட்லயும் அதே வார்த்தை. ஆனா ஒவ்வொருத்தரும் வேற மாதிரி. ஒரு ஐயா, ஜன்னல்லேர்ந்து, இப்படி." மூக்கைச் சுளித்து, கையை ஈயோட்டுவது போல ஆட்டினாள். "'எடமில்ல எடமில்ல!' ஒரு அம்மா, போன் பேசிக்கிட்டே." காதில் கையை வைத்து, கண்ணை மட்டும் உருட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஜெசிந்தாவுக்கும் சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பே கொஞ்சம் எரிந்தது.

அப்போது அஸ்ரிதா தோளைத் தளர்த்தினாள். ஒரு கையை நிலையில் ஊன்றினாள். தலை லேசாகச் சாய்ந்தது.

"'இடம்... இல்லம்மா.'"

தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவள் மாதிரி, அசதியாக.

பக்கத்து வீட்டுக்காரி இதற்கும் சிரித்தாள். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"அது யாரு?" என்று கேட்டாள். கேட்கத் தேவையில்லைதான்.

"நீங்க அக்கா!" அஸ்ரிதா கண் மின்னச் சொன்னாள். "ஞாபகம் இல்லையா? பதினோரு வீட்ல நீங்க ஒருத்தர்தான் தண்ணி குடுத்தீங்க. பெரிய சொம்புல. நாங்க குடிச்சு முடிக்கற வரைக்கும் நின்னீங்க. அப்புறம்தான் சொன்னீங்க. நானும் அவரும் வழியெல்லாம் உங்களைத்தான் பேசினோம். அந்த அக்கா நல்ல அக்கான்னு. அன்னிக்குப் பெட்டியோட நீங்க வந்தீங்களா, எனக்கு அவ்வளவு சந்தோசம். அதான் மொதல்ல உங்க கால்."

ஜெசிந்தா யோசித்துப் பார்த்தாள். சொம்பு ஞாபகம் வந்தது. குடித்தவர்களின் முகம் ஞாபகம் வரவில்லை.

அவள் வீட்டு மாடியறை அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் காலி. புருஷனின் சைக்கிளும், கால் ஒடிந்த இரண்டு நாற்காலியும் அதில் குடியிருக்கின்றன.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அஸ்ரிதா. "மாதா வந்து கேக்கும்போது ஏன் இல்லைன்னு சொல்லணும்? விளையாட்டா?"

"விளையாட்டில்ல. வழக்கம்."

"சரி அக்கா. அடுத்த வருசம் சொல்றேன். கரெக்டா. மொதத் தட்டு, இடமில்லை. ரெண்டாந் தட்டு, இடமில்லை. மூணாந் தட்டு, கதவு. சரியா?"

"சரி."

வழியில் ஜெசிந்தாவின் நெஞ்சு இளகிப்போனது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். இளகவில்லை. இன்னும் கூடுதலாக எரிந்தது. அஸ்ரிதா கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். நல்ல அக்கா என்று சொல்லிவிட்டாளே! அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சாயங்காலம் சாமியைக் கோயில் வாசலில் பார்த்தாள்.

"சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார்.

"அவளுக்கே தெரிஞ்சிருக்குதுங்க."

"ஓ!"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள் அல்லது கத்தியிருப்பாள். கேட்காததால் வேறொன்றைக் கேட்டாள்.

"ஒன்பதாம் வீடு யாருதுங்க சாமி?"

"உங்களுதுதான். ஏன், மாத்தணுங்களா?"

"வேண்டாம்." வேகமாகச் சொன்னாள். "மாத்த வேண்டாம்."

"எட்டாம் வீட்டுப் பெரியவங்க ரெண்டு பேருக்கும் முட்டி வலி. பெட்டியைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கு வரமுடியாதுன்னாங்க. அஸ்ரிதா தூக்கட்டுங்களா?"

எல்லாவற்றிலும் அவளா என்று நாக்கு நுனி வரை வந்தது. "உங்க இஷ்டம் சாமி" என்றாள்.

ஒன்பதாம் நாள் எப்போதும் வரும் கூட்டத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். விசயம் பரவியிருந்தது. எட்டு வீட்டில் ஆறு வீடு தட்டின உடனே திறந்துவிட்டது. சத்திரக்காரம்மா என்ன செய்யப்போகிறாள்? தெருமுனைப் பேக்கரிக்காரர்கூடக் கடையை ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஜெசிந்தா வீட்டை இரண்டு தரம் கூட்டினாள். கோலம் போட்டாள். நல்ல புடவை கட்டினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, இருட்டில் நின்றுகொண்டாள். இந்த இடம் அவளுடையது. இங்கே அவளை மிஞ்ச ஆளில்லை. சொல்லிக் காட்டவேண்டும். கேட்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வரவேண்டும். கால் கழுவினால் மட்டும் போதுமா, இப்படிச் சொல்ல முடியுமா உன்னால், என்று கேட்கிற மாதிரி சொல்லவேண்டும்.

தட்டல் கேட்டது. பாட்டு எழுந்தது. 'நெடுவழி நடந்து வந்தோம்...' நூறு குரல். 'இராத் தங்க இடம் உண்டா?'

பாட்டு நின்றது. தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். தோளைத் தளர்த்தினாள். கை தானாக நிலையில் ஊன்றியது. தலை லேசாகச் சாய்ந்தது.

லைன் வீட்டு வாசலில் அவள் பார்த்த அதே நிற்பு.

குரல் வரவில்லை. தொண்டையைச் செருமினாள். காற்றுதான் வந்தது.

வெளியே முணுமுணுப்பு. யாரோ இருமினார்கள். இரண்டாம் முறை தட்டினார்கள். மறுபடி பாடினார்கள், கொஞ்சம் தயங்கி. பாட்டு முடிந்தது. அவள் இன்னும் அப்படியே நின்றாள். பதினேழு வருடத்துப் பேர் பல்லுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு கிடந்தது.

அப்போது கதவிடுக்கில், மிக அருகில், யாரோ கிசுகிசுத்தார்கள்.

"அக்கா... மறந்துட்டீங்களா? 'இடமில்லை'. சொல்லுங்க. இ... ட... மி... ல்லை."

எடுத்துக்கொடுக்கிறாள்! ஜெசிந்தாவுக்கே வசனத்தை எடுத்துக்கொடுக்கிறாள்!

தாழ்ப்பாளை வெடுக்கென்று இழுத்துக் கதவைப் படாரென்று திறந்தாள்.

பெட்டியைச் சுமந்துகொண்டு அஸ்ரிதா நின்றிருந்தாள். கடைசி எழுத்து இன்னும் உதட்டில் இருந்தது.

கித்தேரி, "சத்திரக்காரம்மாவே தொறந்துட்டாங்கடி!" என்றாள், பாதி அழுகையோடு. யாரோ கைதட்டினார்கள். அது பரவியது. அல்லேலூயா என்றார் போஸ்ட்மேன் ஐயா. பதினேழு வருடத்தில் அவள் எத்தனையோ பேரை அழவைத்திருக்கிறாள். அன்றைக்கு அழுத அளவுக்கு யாரும் அழுததில்லை.

நூறு பேரும் உள்ளே வந்தார்கள். கூடத்தில் இடம் போதாமல் மாடிப்படியெல்லாம் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலையில் பெட்டியைக் கோயிலில் இறக்கியாகிவிட்டது. குடிலுக்குச் சீரியல் லைட் போட இரண்டு பேர் ஏணியில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் குழாயடியில், நேற்று இரவல் வாங்கின டம்ளர்களை ஜெசிந்தா துலக்கிக்கொண்டிருந்தாள். சாமி வந்து துண்டை எடுத்துக்கொண்டு, கழுவின டம்ளர்களைத் துடைக்க உட்கார்ந்தார்.

"சாமி."

"சொல்லுங்க."

"காலைலேர்ந்து வழியில பாக்கறவங்க எல்லாம் கையைப் பிடிச்சுக்கறாங்க. எங்க கண்ணைத் தொறந்துட்டீங்கங்கறாங்க. கித்தேரி, என் கால்ல விழப்பாத்தா."

"ம்."

"அது பொய்யிங்க சாமி."

சாமி துடைத்த டம்ளரைக் கவிழ்த்தார்.

"நான் அன்புல தொறக்கலை. மாதாவுக்காகவும் தொறக்கலை. அவ எடுத்துக் குடுத்தாளுங்க. எனக்கு! எனக்குப் போயி! அந்த ஆத்திரத்துல தொறந்தேன். தொறந்து, அவளை நாலு வார்த்தை கேக்கணும்னுதான் தொறந்தேன். அதுக்குள்ள எல்லாரும் கைதட்டிட்டாங்க."

"இப்ப ஆத்திரம் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க." குழாயை மூடினாள். "அவளைப் பாத்தா இப்பவும் எரியுது. நல்ல அக்கான்னு சொல்றாளுங்க. என்னைப் போயி. அவங்க வீடு கேட்டு வந்தப்போ நான் என்ன சொன்னேன் தெரியுங்களா?"

"தெரியும். அஸ்ரிதா சொல்லியிருக்காங்க."

அவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுதான் என்னை அனுப்பினீங்களா?"

சாமி ஈரத் துண்டைப் பிழிந்து மறுபடி விரித்துக்கொண்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் கோயில்ல எல்லாருக்கும் முன்னால சொல்லிடறேன் சாமி. ஜெசிந்தா பொறாமையிலதான் கதவைத் தொறந்தா, வேறொண்ணுமில்லைன்னு. இல்லாட்டி எப்படிங்க? அது தொறந்த கணக்கா?"

"நேத்து எத்தனை பேர் உள்ள வந்தாங்க?"

"நூறு பேர் இருக்கும்."

"உக்காந்தாங்களா?"

"படியெல்லாம் உக்காந்தாங்க."

"காபி குடிச்சாங்களா?"

அவள் தன் முன்னால் கிடந்த டம்ளர் குவியலைப் பார்த்தாள். "குடிச்சாங்க."

"அதுல யாராவது ஒருத்தர், நீங்க எதுக்காகத் தொறந்தீங்கன்னு கேட்டாங்களாம்மா?"

ஏணியில் நின்றவர்களின் சண்டை முற்றி, யாரோ லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள்.

அவள் குழாயைத் திறந்தாள். நாரைத் தண்ணீரில் நனைத்து, அடுத்த டம்ளரை எடுத்தாள்.